சாயாத மீன்

கெட்டில் ஏரியின் ஓரங்கள் மட்டும் உறையத் தொடங்கியிருந்த ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பைக்கூட மாற்றாமல், ஆர்டிஸ் நிமெலா சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு நல்ல மீனைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

மரத்தில் செதுக்கிய பொய்மீன் அது. கையளவு நீளம். மஞ்சள் விலாவில் கறுப்புப் பட்டை, பக்கத்துக்கு இரண்டு தகரத் துடுப்பு, வயிற்றில் குழி தோண்டி ஊற்றிய ஈயம். ஆர்டிஸ் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியின் முனையால் அந்த ஈயத்தின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். ஜாம் பாட்டில் மூடுவதற்கு வைத்திருந்த மெழுகை உருக்கி அந்தப் பள்ளத்தில் விட்டாள். ஆறியதும் மேலே பென்சில் கரியைத் தேய்த்தாள். தேய்த்தபின் எது ஈயம், எது மெழுகு என்று கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் விட்டால்தான் வண்டவாளம் தெரியும். நேராக நீந்த வேண்டிய மீன் வலப்பக்கம் சரிந்து, குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போகும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி அவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. பிள்ளைகளுக்குப் போடுகிற இறைச்சி உருண்டையில் ரொட்டித் தூள் ஒரு பிடி கூடிவிட்டால்கூட மனசு கேட்காத மனுஷி. அப்படிப்பட்டவள் வருஷாவருஷம் இந்தத் திருட்டு வேலையைச் செய்தாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அந்த மீனைச் செதுக்கிய வெய்னோ கெஸ்டியின் பட்டறைக்குப் போக வேண்டும்.

போக வேண்டுமென்றால் நேராகப் போவதுதானே என்று கேட்கலாம். எங்கள் ஊரில் அது நடக்காது. இங்கே யாரும் வெறுங்கையோடு யார் வீட்டு வாசலிலும் ஏற மாட்டார்கள். இரவல் வாங்கின வாளி, தீட்ட வேண்டிய ரம்பம், பாதி ரொட்டி என்று கையில் ஏதாவது இருக்க வேண்டும். கையில் பொருள் இருந்தால் அது வேலை. கல்யாணமாகாத பெண் ஒருத்தி கல்யாணமாகாத ஆண் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த அர்த்தம் அவள் திரும்பி வருவதற்குள் கூட்டுறவுக் கடை வரைக்கும் போய்விடும். அதனால் ஆர்டிஸுக்கு ஒரு மீன் தேவைப்பட்டது. அதிலும் நோயாளி மீனாக.

அவளுடைய இளமையை அவள் அப்பாவின் கட்டில் தின்றுவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டபோது ஆர்டிஸுக்கு இருபத்து சொச்சம். அவரைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, இடையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, திரும்ப ஓடிவந்து, அப்படியே வருஷங்கள் போயின. அவர் இறந்தபோது ஊரே வந்து அவளுக்கு இனி ஓய்வு என்றது. அவளுக்கோ கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பாவின் இருட்டுக்குடிலை உறைந்த ஏரிமேல் இழுத்துக்கொண்டு போய் வைத்தாள்.

குடில் என்றால் தார்க்காகிதம் போர்த்திய பெட்டிதான். ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு பலகை, ஒரு சின்ன அடுப்பு, காலடியில் பனிக்கட்டியை அறுத்துத் திறந்த சதுர ஓட்டை. கதவைச் சாத்திவிட்டால் குடில் இருட்டு, தண்ணீர் மட்டும் பச்சையாக வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் உடைக்கிற முட்டைகளின் ஓடுகளையெல்லாம் வாளியில் சேர்த்து வந்து அந்த ஓட்டைக்குள் கொட்டுவாள். ஏரியின் தரை வெளுத்துப்போய், அதன்மேல் வருகிற பைக் என்கிற பெரிய வேட்டை மீன் கறுப்பாகத் துலங்கும். கயிற்றில் கட்டிய பொய்மீனைச் சுண்டிச் சுண்டி வட்டமடிக்க விட்டு, அதை இரையென்று நம்பி பைக் வருகிறவரைக்கும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்காருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பழகின வேலை.

அப்பாவின் பொய்மீனை ஒரு பெரிய பைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு போய்விட்டதால்தான் வெய்னோவிடம் புதிதாக ஒன்று வாங்கினாள். அதுவும் ஒருநாள் கடிபட்டு, தலைகுப்புறத் தொங்கியது. சரிசெய்து வாங்கிவரலாம் என்று போனவள், போனது மத்தியானம், திரும்பியது இருட்டின பிறகு. அந்த முதல் தடவை மீனுக்கு உண்மையாகவே நோய்.

வெய்னோ மாவட்டத்துப் பனிவண்டி ஓட்டுகிறவன். ரோட்டில் விழுந்த பனியை முன்னால் இருக்கிற பிளேடால் தள்ளிக்கொண்டே போகிற வண்டி. பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தான், அப்போதும் பேசமாட்டான். பட்டறையில் ஒரு மாட்டுத்தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருந்தான். மீனை அதில் விட்டு, மண்டியிட்டு, தாடையைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு பார்ப்பான்.

"எங்கடா கனக்குது உனக்கு?" என்று மீனைத்தான் கேட்பான்.

பாரமான பக்கத்து ஈயத்தில் ஒரு சீவல் எடுப்பான். மறுபடி தண்ணீரில் விடுவான். தலை தூக்கினால், கரண்டியில் ஈயத்தை உருக்கி, தலைப்பக்கம் ஒரு சொட்டு. மறுபடி தண்ணீர். வாலைக் கட்டைவிரலால் நூலளவு திருப்புவான், அதிகமானால் திருப்பிக்கொண்டு வருவான். ஒவ்வொரு தடவையும் துணியால் மீனைத் துடைப்பது குழந்தையைத் துவட்டுகிற மாதிரி இருக்கும். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஆர்டிஸ், அந்தப் பக்கம் அவன். இரண்டு தலையும் தண்ணீருக்கு மேல் ஒட்டினாற்போல் குனிந்திருக்கும், நான்கு கண்ணும் மீன்மேல் இருக்கும். அவன் கழுத்திலிருந்து தேவதாரு மரத்தூள் வாசனை வரும். ஒரு மனிதன் இவ்வளவு பொறுமையாக ஒன்றைப் பார்த்து அவள் கண்டதில்லை. அந்த மீனாகப் பிறந்திருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தாள், நினைத்ததற்காக வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வெட்கப்பட்டாள்.

அடுத்த நவம்பரில் மீன் நன்றாகவே இருந்தது. ஒருவாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.

அப்படியே ஏழெட்டுக் குளிர்காலம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஒரு சனிக்கிழமை. கையில் மீன், கூடவே அடுப்பில் சுட்ட பால்கட்டி ஒரு டப்பா. கடித்தால் கிறீச்சென்று சத்தம் போடுகிற பால்கட்டி. காபியில் போட்டு ஊறவைத்துத் தின்பார்கள்.

"இந்த வருசமும் சாயுதா?"

"சாயுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"போன வருசம் இடப்பக்கம்."

"ஆமா. போன வருசம் இடப்பக்கம்."

அவன் தலையை ஆட்டிக்கொள்வான். "வருசா வருசம் இளைச்சிக்கிட்டே வருது இந்த மீன்" என்பான். பிறகு வேலை. பிறகு காபி. ஏரி எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று பேசுவார்கள். யார் வண்டி பள்ளத்தில் இறங்கியது என்று பேசுவார்கள். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, மற்ற நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியது. விடியற்காலையில் பனிவண்டி அவள் வீட்டைக் கடக்கிற சத்தம் கேட்டால், போர்வைக்குள் அசையாமல் படுத்து, அது திருப்பத்தில் மறைகிறவரைக்கும் கேட்பாள்.

அவளோடு சமையலறையில் வேலை செய்கிற எல்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மீனைக் கெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், கேரட் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னடி, வைத்தியருகிட்ட கூட்டிட்டுப் போற நாள் வந்துடுச்சா?"

"யாரை?"

"உன் மீனைத்தான். ஊருல பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி வருசம் தவறாம நோய் வர்றதில்ல."

"சாயுது எல்மா. சரிபண்ண வேணாமா?"

"சரிபண்ணு, சரிபண்ணு. என் வாசல்ல பனியை மலை மாதிரி குவிச்சிட்டுப் போறான் அந்த ஆளு. உன் வாசலுக்கு வந்ததும் பிளேடைத் தூக்கிடறான். நான் பார்க்காமலா இருக்கேன்."

"என் வீடு திருப்பத்துல இருக்கு. திருப்பத்துல தூக்கித்தான் ஆகணும்."

"அடடா. அப்ப என் வீட்டையும் திருப்பத்துல கொண்டுபோய் வச்சிடறேன்." எல்மா கேரட்டைத் தட்டில் தள்ளினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா பாவம்டி அவன். இந்த வருசம் யாருக்கும் மீன் செதுக்க மாட்டேங்கிறானாம். தூண்டில் கடையில கேட்டதுக்கு, என் கை போயிடுச்சு, ஆர்டிஸுக்குப் பண்ணின ஒத்த மீனை என்னால நேரா நிக்க வைக்க முடியல, இனிமே யாரையும் ஏமாத்த மாட்டேன்னு சொல்லிட்டானாம்."

ஆர்டிஸ் கேரட் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். அவன் கையைப் பறிக்க அல்ல. தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. சனிக்கிழமை போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள். அதன்பிறகு அந்தப் பட்டறை வாசல் தனக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை வழக்கம்போல் கதவைத் திறந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டான். தண்ணீரில்கூட விடவில்லை. தொட்டி ஓரத்தில் அதைப் போட்டுவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இது புதுசு. மரத்தை ஆவிக்குளியல் அறைப் பலகையில ரெண்டு வருசம் காயவச்சேன். சொட்டு ஈரம் இல்ல. ஈயத்துமேல தகரத்தை வச்சு முடுக்கிட்டேன், உள்ள எதுவும் அசையாது." தரையைப் பார்த்தே பேசினான். "தப்பு என்மேலதான். பச்சை மரத்துல ஈயத்தை ஊத்திட்டேன் போல. இத்தனை வருசம் உங்களை அலைய விட்டுட்டேன். இனிமே நீங்க இதுக்காக வரவேண்டியிருக்காது."

அவன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஆர்டிஸ் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். பால்கட்டியைக் கொடுத்தாள். காபிகூட வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவன் தெரிந்துகொண்டுதான் இப்படிச் செய்தானா? கத்தி நுழையாதபடி தகரம் போட்டு, இனி வராதே என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினானா? இல்லை, உண்மையாகவே அவள் கஷ்டப்படக்கூடாது என்று நினைத்தானா? எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். போவதற்குக் காரணம் போயிற்று.

டிசம்பரில் ஏரி தாங்குகிற அளவுக்குக் கெட்டிப்பட்டதும் குடிலை இழுத்துப் போட்டாள். முட்டை ஓடுகளைக் கொட்டினாள். கதவைச் சாத்திவிட்டுப் புது மீனைத் தண்ணீரில் இறக்கினாள். அது தலையை லேசாகத் தாழ்த்தி, கொஞ்சமும் புரளாமல் இறங்கியது. கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் போதும், பெரிய வட்டம் ஒன்று போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இன்னொரு சுண்டு, இன்னொரு வட்டம். அப்படி ஒரு மீனை அந்த ஏரி பார்த்திருக்காது. கை போய்விட்டது என்றவனின் கை செய்த மீன். ஓட்டையின் ஓரத்தில் நல்ல பைக் ஒன்று வந்து அசையாமல் நின்று பார்த்தது. ஈட்டி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. இருட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பைக் சலித்துப்போய்ப் போய்விட்டது.

பனிவண்டிச் சத்தம் கரையில் கேட்டது, தேய்ந்தது. அவளுக்கு அப்போது ஒரு புத்தி வந்தது. வயிற்றில்தான் தகரம், துடுப்பில் என்ன தடை? ஒரு துடுப்பை வளைத்தால் மீன் சாய்ந்துவிடும். அடுப்போரம் கிடந்த குறடை எடுத்து, மீனை மடியில் போட்டு, துடுப்பைப் பிடித்தாள். வெளிச்சத்துக்காகத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துப் பார்த்தபோது, துடுப்பின் அடியில் வர்ணம் பூசாத இடத்தில், நீலநிறத்தில் ஏதோ தெரிந்தது. விரலால் துடைத்தாள். சின்ன நீலப் பூக்கள்.

அது அவளுடைய தகர டப்பா. போன குளிர்காலத்தில் பால்கட்டி கொண்டுபோய் மறந்து வைத்துவிட்டு வந்த டப்பா. எங்கள் ஊரில் அடுத்தவர் டப்பாவை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வாரம் திரும்புவதற்குள் அதில் ஏதாவது போட்டுத் திருப்பிவிடுவார்கள். அவன் திருப்பவில்லை. பட்டறை நிறையத் தகரம் கிடக்க, அவள் டப்பாவை வெட்டி நான்கு துடுப்பும் ஒரு வாலும் செய்து, பூக்கள் இருக்கிற பக்கத்தை யாரும் பார்க்காதபடி அடியில் வைத்திருந்தான்.

ஆர்டிஸ் குறடைக் கீழே வைத்தாள். அந்தத் துடுப்பை வளைக்க அவளால் முடியாது. ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. அடுத்த சனிக்கிழமை, கெடுக்காத மீனைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வழியில் எல்மாவின் வீட்டு ஜன்னல் திரை விலகி மூடியது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பட்டறையில் அவன் இருந்தான். மேசைமேல் பழைய மீன் மல்லாந்து கிடந்தது. தன் தப்பு எங்கே என்று பார்ப்பதற்காக வெய்னோ அதன் வயிற்றைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தான். பள்ளங்கள் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் கத்தி முனையின் கீறல். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில், எடுத்த மெழுகையெல்லாம் அவன் சேர்த்து வைத்திருந்தான்.

ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு முகம் காதுவரை கொதித்தது. திரும்பிப் போய்விடலாம், கதவு பின்னால்தான் இருந்தது.

"ஜாம் மெழுகு" என்றான் வெய்னோ.

"ஆமா."

"எல்லா வருசமுமா?"

"முதல் வருசம் இல்ல. அப்ப நிஜமாவே கடிச்சிருச்சு." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உங்க கையில ஒரு குறையும் இல்ல வெய்னோ. அதைச் சொல்லணும்னு போன தடவையே வந்தேன்."

அடுப்பில் கட்டை ஒன்று வெடித்தது. ஆர்டிஸ் துணியைப் பிரித்துப் புது மீனை எடுத்தாள். இதைச் சொல்லாமல் போனால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது என்று பட்டது.

"இதுவும் சாயுது" என்றாள்.

வெய்னோ மீனைக் கையில் வாங்கினான். வயிற்றுத் தகரத்தைத் தடவிப் பார்த்தான், முடுக்கின இடம் அப்படியே இருந்தது. துடுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். பிறகு தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு அதைத் தண்ணீரில் இறக்கினான். ஆர்டிஸ் எதிர்ப்பக்கம் குனிந்தாள். மீன் நேராக இறங்கியது. அவன் கயிற்றைச் சுண்டினான். தொட்டிக்குள் ஒரு வட்டம், நூல் பிடித்த மாதிரி. திரும்பச் சுண்டினான். நீரைத் தட்டில் விட்ட மாதிரி அத்தனை மட்டமாக அது சுற்றி வந்தது. தான் செய்த மீனைப் பற்றி இதுவரை ஒரு பொய்யும் சொல்லாத மனிதன் அவன், தன் கை போய்விட்டது என்பதையே ஊரறியச் சொன்னவன். தாடையை விளிம்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"ஆமா" என்றான். "சாயுது."

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவன் மீனைப் பார்க்கவில்லை. முதல்முறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு முடியாது இது. நாளைக்கும் வா. நாளைக்கும் முடியாதுன்னுதான் நினைக்கிறேன்." கயிற்றை அவன் விடவில்லை. "மீன் இங்கயே இருக்கட்டும். நீ சும்மா வந்தா போதும்."

"வெறுங்கையோடவா?" என்றாள். "ஊர் பார்க்குமே."

"பார்க்கட்டும்" என்றான் வெய்னோ.